குப்பைக் கூடையிலிருந்து தொடங்கினோம்

இயற்கையோடு ஒட்டி வாழ வேண்டும் என்று ஆசைப்படுகிற பலரும் முதல் வேலையாக எதையாவது வாங்குகிறார்கள். மூங்கில் பல்துலக்கி, செப்புக் குடம், மரச்செக்கு எண்ணெய், ஆர்கானிக் முத்திரை போட்ட பருப்பு என்று பட்டியல் நீள்கிறது. அதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் மாற்றம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. என்ன வாங்குகிறோம் என்பதைக் கொஞ்ச காலம் விட்டுவிட்டு, வீட்டிலிருந்து என்ன வெளியே போகிறது என்று பார்க்க ஆரம்பித்தோம். சாப்பாடு, செடி, சோப்பு, கடைக்குப் போகும் பழக்கம் எல்லாம் அதன் பின்னாலேயே மாறின.

நாங்கள் இருப்பது சென்னை மடிப்பாக்கத்தில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில். வாடகை வீடு. நான், கணவர், பள்ளிக்கூடம் போகும் மகள், அத்தை என்று நான்கு பேர். கிழக்குப் பார்த்த சின்ன பால்கனி ஒன்று உண்டு. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது.

இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெருங்குடி குப்பைமேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தென்சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாக அங்கேதான் கொட்டப்பட்டது. அந்த இடம் பொட்டல்காடு அல்ல, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி. 2022 ஏப்ரல் கடைசியில் அந்த மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. எங்கள் மகளுக்கு வீசிங் தொல்லை உண்டு. அந்த வெயிலில் ஜன்னல்களை எல்லாம் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எரிவதில் எங்கள் வீட்டுக் குப்பையும் இருக்கிறது என்ற எண்ணம் அப்போதுதான் எனக்குள் ஆழமாக இறங்கியது. அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணைக்கு ராம்சர் தலம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரமும் கிடைத்தது. பறவைகள் வந்து தங்கும் நீர்நிலையும் நாங்கள் கவரில் கட்டிப் போட்ட கத்தரிக்காய்க் காம்பும் ஒரே இடத்தில் இருப்பதை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

காய்கறித் தோல் மக்கிப் போகிற பொருள்தானே, அதனால் என்ன கெடுதல் என்று பலர் கேட்பார்கள். காற்றுப் படுகிற இடத்தில் மக்கினால் கெடுதல் இல்லை. பிளாஸ்டிக் கவரில் கட்டி, மலைபோல் குவித்து, மேலே மேலே கொட்டி அழுத்தும்போது உள்ளே காற்று போகாது. காற்றில்லாமல் அழுகும் ஈரக்குப்பை மீத்தேன் வாயுவை வெளியிடும். அது எளிதில் தீப்பிடிக்கக்கூடியது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வலுவானது. குப்பைமேட்டிலிருந்து வழியும் கறுப்புச் சாறு நிலத்தடி நீரில் கலப்பது தனிக் கதை. ஆக, ஈரத்தையும் உலர்ந்ததையும் ஒன்றாகக் கட்டிப் போடுவதில்தான் கேடு ஆரம்பிக்கிறது.

ஒரு வாரம் எல்லாவற்றையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தோம். பாதிக்கு மேல் சமையலறை ஈரக்குப்பை. மிச்சத்தில் பெரும்பகுதி பால் கவர், பிஸ்கட், சிப்ஸ் உறைகள், பார்சல் வாங்கிய டப்பாக்கள். முதலில் ஈரக்குப்பையை எடுத்துக்கொண்டோம். அதுதான் நம் கையில் இருப்பது. அதற்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

உரம் தயாரிக்க விலை உயர்ந்த சாதனம் எதுவும் தேவையில்லை. இருபது லிட்டர் பெயிண்ட் வாளி மூன்று, மூடியோடு. பெயிண்ட் அடிப்பவர்களிடம் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள், அல்லது பழைய சாமான் கடையில் கிடைக்கும். சுற்றிலும் அடியிலும் துளை போட வேண்டும். காற்று உள்ளே போவதற்கே அந்தத் துளைகள். எலி வரும் இடமாக இருந்தால் துளைகள் விரல் நுழையாத அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். அடியில் ஒரு தட்டு. வாளிக்குள் முதலில் தேங்காய் நாரும் சின்னக் குச்சிகளும் மூன்று விரல் உயரத்துக்குப் பரப்ப வேண்டும். அதன்மேல் காய்கறிக் கழிவு. அதன்மேல் சருகு. மறுநாள் மறுபடி கழிவு, மறுபடி சருகு. தொடக்கத்தில் ஒரு பிடி பழைய உரமோ, ஒரு தம்ளர் புளித்த மோரோ தெளித்தால் நுண்ணுயிர்கள் சீக்கிரம் வேலையைத் தொடங்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை கம்பால் கிளறிவிட வேண்டும். அவ்வளவுதான்.

இதில் சருகுதான் உயிர்நாடி. உரம் நாறுகிறது, புழு வருகிறது, நமக்கு ஒத்துவரவில்லை என்று விட்டுவிடுகிறவர்களிடம் கேட்டுப்பார்த்தால் பெரும்பாலும் சருகு போதாமல் இருக்கும். நுண்ணுயிர்களுக்குக் கார்பன் ஏறத்தாழ 30 பங்கு இருக்கும் இடத்தில் நைட்ரஜன் ஒரு பங்கு இருந்தால் வேலை நன்றாக நடக்கும். பச்சைக் காய்கறிக் கழிவில் நைட்ரஜன் அதிகம், சருகில் கார்பன் அதிகம். இந்தக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து போட முடியாது. கண்ணளவில் ஒரு கிண்ணம் கழிவுக்கு இரண்டு கிண்ணம் சருகு என்று போட்டால் சரியாக வந்துவிடும். கழிவைப் பொடியாக நறுக்கிப் போட்டால் இன்னும் வேகமாக மக்கும்.

ஈரம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு. உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். கை ஈரமாக வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. சொட்டினால் சருகைச் சேர்த்துக் கிளற வேண்டும். உதிர்ந்தால் அரிசி களைந்த தண்ணீரைத் தெளிக்கலாம். மூக்கைச் சுருக்க வைக்கும் அம்மோனியா நெடி வந்தால் நைட்ரஜன் கூடிவிட்டது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்று போகவில்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், சருகும் கிளறலும்.

புழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் பலர் பயந்துபோகிறார்கள். சாம்பல் பழுப்பு நிறத்தில், தட்டையாக, விரலின் ஒரு கணு நீளத்துக்குத் தெரிவது கருப்புப் படைவீரன் ஈயின் புழு. அந்த ஈ கடிக்காது. வீட்டு ஈயைப் போல சோற்றின்மேல் வந்து மொய்க்கிற பழக்கமும் அதற்கு இல்லை. அந்தப் புழுக்கள் நம் கழிவைத் தின்றுதான் உரமாக்குகின்றன, அதுவும் மிக வேகமாக. எங்கள் மகள் முதலில் அருவருத்தாள். பிறகு பூதக்கண்ணாடியோடு பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். பார்க்கப் பிடிக்காதவர்கள் மேலே நான்கு விரல் கனத்துக்குச் சருகைப் போட்டு மூடி வைத்தால் போதும். அவை தங்கள் பாட்டுக்கு உள்ளே இருக்கும்.

நான்கு பேர் வீட்டில் ஒரு வாளி நிரம்ப ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். கழிவு இறங்கிக்கொண்டே இருப்பதால் நினைத்ததைவிட நாள் பிடிக்கும். நிரம்பிய வாளியை ஓரமாக ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் தொடங்க வேண்டும். ஒதுக்கியது நாற்பது முதல் அறுபது நாளில் கறுத்து, பொலபொலவென்று, புதுமழை பட்ட மண்வாசத்தோடு தயாராகிவிடும். சலித்து எடுத்து, கப்பியை மறுபடி புது வாளியில் போட்டால் அதுவே உறைமோர் வேலையைச் செய்யும்.

தேங்காய்ச் சிரட்டை, மாங்கொட்டை, எலும்பு ஆகியவற்றை வாளியில் போடாதீர்கள், மக்கப் பல மாதங்கள் எடுக்கும். எண்ணெய் வழியும் குழம்பும் வேண்டாம். மிஞ்சிய சோறு கொஞ்சமாகப் போகலாம், அதோடு சருகு கூடுதலாகப் போக வேண்டும். பழங்களின்மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிய்த்துவிடுங்கள். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடலாம். வடிகட்டிய டீத்தூளும் காப்பி வண்டலும் தாராளமாகப் போகலாம்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு காலக்கணக்கும் உண்டு. வேப்பமரம் மாசி, பங்குனியில் இலை உதிர்க்கும். நாட்டு வாதுமை மரம் தெருவையே நிரப்பும். அப்போது சாக்குச் சாக்காகச் சேர்த்து மழை படாத இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு கைப்பிடி உலர்ந்த சருகு தேடினாலும் கிடைக்காது, வாளியோ ஈரத்தில் ஊறி நாறத் தொடங்கும். பங்குனியில் சேர்த்த சாக்குதான் அப்போது காப்பாற்றும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. எங்கள் தெருவில் சருகைக் கூட்டி மூலையில் வைத்துக் கொளுத்துவது வழக்கம். இப்போது பெருக்குகிறவர்கள் எங்களுக்காக ஒரு சாக்கை எடுத்து வைக்கிறார்கள். காலை நேரத்துப் புகை அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது.

சரி, உரம் வந்துவிட்டது. அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று எங்களுக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருந்தது. தினமும் கழிவை நறுக்கிப் போடுகிறவருக்கு அந்த வீட்டில் என்ன வீணாகிறது என்பது கண்ணில் படாமல் போகாது. வாளி எனக்கு ஒரு வரவு செலவு நோட்டு ஆகிவிட்டது. பாதிக் கட்டு கொத்தமல்லி அழுகிப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை வாங்கிய கீரை புதன்கிழமை மஞ்சளாகி உள்ளே போகிறது. ஃபிரிட்ஜின் அடித்தட்டில் மறந்துபோன முள்ளங்கி. இதைப் பார்த்த பிறகு வாரத்துக்கு ஒரேயடியாக வாங்கிக் குவிப்பதை நிறுத்தினோம். வண்டிக்காரரிடம் இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறோம். காய் புதிதாக இருக்கிறது, ருசியாக இருக்கிறது, செலவும் குறைந்தது.

அத்தை இன்னொரு படி மேலே போனார். "வாளிக்குப் போறதுக்கு முன்னாடி வயித்துக்குப் போகுமான்னு பாரும்மா" என்பார். பீர்க்கங்காய்த் தோலை உளுத்தம்பருப்பு, மிளகாயோடு வதக்கித் துவையல். வாழைக்காய்த் தோலைப் பொடியாக நறுக்கி, மோர்த் தண்ணீரில் போட்டுக் கறுக்காமல் எடுத்து, தேங்காய் சேர்த்துப் பொரியல். முள்ளங்கியின் இலையைப் பருப்போடு சேர்த்துக் கூட்டு. தர்பூசணியின் சிவப்புக்கும் பச்சைத் தோலுக்கும் நடுவே இருக்கும் வெள்ளைப் பகுதி சுரைக்காய் போலவே வேகும், மோர்க்குழம்புக்குப் பொருத்தம். காலிஃபிளவர் தண்டும் முட்டைகோஸ் நடுத்தண்டும் சாம்பாருக்கு. பரங்கி விதையைக் கழுவிக் காயவைத்து வறுத்தால் மகளுக்குச் சாயங்காலத் தீனி. இவையெல்லாம் அத்தையின் மாமியார் காலத்துச் சமையல். நடுவில் நாங்கள்தான் விட்டுவிட்டோம். நார்ச்சத்து, சத்தான உணவு என்று நாம் காசு கொடுத்துத் தேடுகிற பலதும் தோலிலும் தண்டிலும் இலையிலும்தான் இருக்கிறது. தோலைச் சமைக்கும்போது மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நன்றாகக் கழுவ வேண்டும், மேலே மெழுகு பூசியதுபோல் பளபளக்கும் காயின் தோலை விட்டுவிடுவது நல்லது.

உரம் சேரச் சேர அதைப் போடச் செடி வேண்டியிருந்தது. மாடித்தோட்டம் என்றால் தக்காளியும் கத்தரியும் குலுங்கும் படங்கள்தான் எல்லோர் மனதிலும் இருக்கின்றன. அதற்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். எங்கள் பால்கனிக்குக் காலை வெயில் மட்டும்தான். அந்த வெயிலுக்குக் கீரைதான் சரி. அகலமான, முக்கால் அடி ஆழமுள்ள தொட்டி போதும். மண் ஒரு பங்கு, நம் உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவைக் கட்டியாக வாங்கினால் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும், அதில் இருக்கும் உப்பு செடியைக் கருக்கிவிடும்.

வெந்தயத்தைத் தூவி இரண்டு மூன்று வாரத்தில் பறிக்கலாம். சிறுகீரை மூன்றரை வாரத்தில் வேரோடு பிடுங்கத் தயார். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும், ஒரு தொட்டி மாதக்கணக்கில் வரும். பொன்னாங்கண்ணிக்கு விதையே வேண்டாம், கடையில் வாங்கிய கட்டில் முற்றின தண்டை ஊன்றினால் போதும். புதினாவும் அப்படியே. மணத்தக்காளி எங்கள் வீட்டில் பறவை போட்ட விதையில் முளைத்தது. வாளி உரத்தில் சூடு அவ்வளவாக ஏறாததால் தக்காளி, மிளகாய், பரங்கி விதைகள் சாகாமல் இருந்து தானாகவே முளைக்கும். இடம் இல்லாவிட்டால் அவற்றைக் கன்றிலேயே யாருக்காவது கொடுத்துவிடுவோம்.

இதனால் காய்கறிக் கடைக்கே போக வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு பால்கனி வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் கீரையும், தினமும் ஒரு கிள்ளு கறிவேப்பிலை, புதினாவும் கொடுக்கும். அதுவே பெரிது. மகள் கடைக் கீரையை ஒதுக்குவாள், தான் தண்ணீர் ஊற்றிய கீரையைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். குழந்தைக்குக் கீரை ஊட்டப் போராடும் அம்மாக்களுக்கு இதைவிட வேறு யோசனை என்னிடம் இல்லை.

செடியில் மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல், நன்றாகக் குலுக்கி வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கத்திலும் தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

வாளிக்குப் போகாத குப்பைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. துணிப்பைப் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவர 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற அரசு இயக்கமும் வந்தது. ஆனாலும் சூடான சாம்பாரைக் கவரில் கட்டித் தருகிற கடைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே நின்று வாதாடுவதைவிடத் தூக்குவாளியை நீட்டுவது எளிது. வீட்டு வாசலில் ஒரு பை தொங்குகிறது, அதற்குள் இரண்டு துணிப்பை, ஒரு டிபன் கேரியர், ஒரு எவர்சில்வர் டப்பா. செருப்பு மாட்டும்போதே கையில் எடுத்துவிடுகிறோம். அலமாரியில் மடித்து வைத்த பை ஒருநாளும் கடைக்கு வராது. மீன் கடைக்காரர், மாவுக் கடைக்காரர், செக்கு எண்ணெய்க் கடைக்காரர் மூவருமே நம் பாத்திரத்தில் போட்டுத்தர முகம் சுளிக்கவில்லை. எண்ணெய்க் கடையில் கேனை முன்கூட்டியே கழுவி, ஈரமில்லாமல் காயவைத்துக் கொண்டுபோக வேண்டும், ஈரம் இருந்தால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும்.

பால் கவரை மட்டும் தவிர்க்க முடியவில்லை. அதை வெட்டும்போது மூலையைத் தனியாகத் துண்டிக்காதீர்கள். அந்தத் தம்மாத்துண்டுப் பிளாஸ்டிக்கை யாரும் பொறுக்க மாட்டார்கள், நேரே சாக்கடைக்கும் மண்ணுக்கும்தான் போகும். பாதி வெட்டி, ஒட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். கவரைக் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றி, கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடையில் எடை போட்டு எடுத்துக்கொள்வார்கள். அழுக்கும் ஈரமும் இல்லாத பிளாஸ்டிக்குக்கு விலை உண்டு. அதுவே குழம்பு பட்டுவிட்டால் குப்பை.

எங்கள் தெருவுக்குப் பேட்டரி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருமுறை கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். யார் வீட்டுப் பையிலோ உடைந்த கண்ணாடித் தம்ளர். "பிரிச்சுக் குடுக்குற வீட்டுப் பையில தைரியமா கைய விடுவேன்மா. மத்ததுல சாமிய வேண்டிக்கிட்டுதான் விடணும்" என்றார். ஆரோக்கியமான வீடு என்று நாம் பேசும்போது அந்தக் கையையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நான் நினைக்கிறேன். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. மூன்றாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஊசி, காலாவதியான மருந்து, பேட்டரி, டியூப்லைட் ஆகியவை இதில் சேரும். உடைந்த கண்ணாடியையும் பிளேடையும்கூடத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். டியூப்லைட்டிலும் சிஎஃப்எல் பல்பிலும் பாதரசம் இருக்கிறது. உடைந்துபோனால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் குழந்தைகளை வெளியே அனுப்பிய பிறகு, துடைப்பத்தால் பெருக்காமல், கெட்டியான அட்டையால் வாரி எடுக்க வேண்டும். கண்ணாடியை அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டி, மேலே பெரிதாக எழுதி, கையில் கொடுக்கிறோம். நாப்கின், டயப்பரைச் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்பு மையில் குறி போடுகிறோம். இதற்கெல்லாம் ஆகும் நேரம் மிகக் குறைவு.

குப்பை என்றால் கூடையில் போவது மட்டும் இல்லையே. குழாய் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் போவதும் வருவதும் உண்டு. பாத்திரம் தேய்க்க இப்போது பூந்திக்கொட்டை. நூறு கிராமைக் கொட்டை நீக்கி ராத்திரி ஊறவைத்து, காலையில் ஒரு லிட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, கசக்கி வடிகட்டினால் நுரைக்கும் கரைசல் கிடைக்கும். வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும், ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு திரிந்துபோகும், பூந்திக்கொட்டை பரவாயில்லை. பிசுக்கு அதிகமான வாணலியை முதலில் பழைய கடலை மாவாலோ காப்பி வண்டலாலோ துடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த எண்ணெய் சாக்கடைக்கும் போகாது.

குழாயிலும் பக்கெட்டிலும் படியும் வெள்ளை உப்புக் கறைக்கு எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலம், ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி. தடவி அரைமணி விட்டுத் தேய்த்தால் போய்விடும். தரையைத் துடைக்க எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் செய்த நொதிக்கரைசல். வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. பிளாஸ்டிக் டப்பாவில் கால்பாகம் காலியாக விட்டு, முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றி, மூன்று மாதம் கழித்து வடிகட்ட வேண்டும். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், அழுத்தத்தில் வெடிக்கும். இந்த இரண்டுமே அமிலத்தன்மை உள்ளவை. பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் இவற்றை ஒருபோதும் ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். இயற்கையானது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது. பூந்திக்கொட்டைச் சாறு கண்ணில் பட்டால் எரிந்துவிடும். அதிலிருக்கும் சப்போனின் என்ற நுரை தரும் பொருள் மீன்களுக்கு விஷம், அதனால் அதைக் குளத்திலோ ஏரியிலோ கொண்டுபோய்க் கொட்டக்கூடாது. சாம்பிராணி நல்ல மணம்தான், ஆனால் வீசிங் இருக்கும் குழந்தையின் நுரையீரலுக்குப் புகை எல்லாமே புகைதான். எங்கள் வீட்டில் கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்தி மூன்றையும் மகளின் அறையிலிருந்து எடுத்துவிட்டோம். ஜன்னல்களுக்கு வலை அடித்தோம். பூந்தொட்டித் தட்டுகளையும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரையும் வாரம் ஒருமுறை கொட்டித் துடைக்கிறோம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள்தான் எடுக்கும். வாரம் தவறாமல் தண்ணீரைக் கொட்டினால் அது வளர வழியில்லை. செடி வளர்க்கிறவர்கள் இந்த ஒன்றில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், நம் தொட்டியில் பிறந்த கொசு பக்கத்து வீட்டுக் குழந்தையையும் கடிக்கும்.

எங்கள் கட்டடத்தில் இது மெதுவாகத்தான் பரவியது. போய்ப் பேசியதைவிட ஒரு கட்டுக் கீரையைக் கொண்டுபோய்க் கொடுத்தது அதிகம் வேலை செய்தது. கீழ்வீட்டு மாமி முதலில் தன் காய்கறித் தோலை எங்கள் வாளிக்குக் கொடுத்தார், அப்புறம் தனக்கென்று ஒரு வாளி கேட்டார். மாடியில் வாளி வைக்க வீட்டு உரிமையாளர் தயங்கினார். தண்ணீர் தரையில் இறங்காதபடி தட்டு வைத்து, தளத்தின் நடுவில் பாரம் ஏற்றாமல் சுவரோரம் தூண் இருக்கும் பக்கமாக வைக்கிறோம் என்று காட்டிய பிறகு சம்மதித்தார். வாடகை வீட்டில் இருப்பவர்கள் கேட்காமல் வைத்துவிட்டுப் பிறகு சண்டை போடுவதைவிட இப்படிக் காட்டிக் கேட்பது நல்லது. பால்கனியும் மாடியும் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். ஈரக்குப்பையை மட்டும் கவர் இல்லாமல், ஒரு மூடி போட்ட வாளியில் தனியாகக் கொடுத்தால்கூட அது உரக்கூடத்துக்குப் போக வழியிருக்கிறது. கலந்து கொடுத்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

இத்தனைக்குப் பிறகும் எங்கள் வீட்டில் ஒரு பை மிஞ்சுகிறது. மாத்திரை அட்டை, பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே, புதுப் பொருளோடு வரும் தெர்மோகோல். அலுமினியத்தையும் பிளாஸ்டிக்கையும் ஒட்டிச் செய்த இந்த உறைகளைப் பழைய பேப்பர் கடை எடுப்பதில்லை. மாற்றிக்கொள்ள முடிந்ததை மாற்றினோம். மகளின் தீனிக்கு உதிரியாகக் கிடைக்கும் பொரி, வேர்க்கடலை, கடலை மிட்டாய். ஷாம்புக்குப் பதில் சீயக்காயும் அரப்பும், அரைத்து எவர்சில்வர் டப்பாவில். ஆனால் மாத்திரை அட்டைக்கு வீட்டில் மாற்று கிடையாது. அத்தைக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் தினமும் மருந்து வேண்டும். இந்த மிச்சத்தின் பொறுப்பு நம்முடையது அல்ல, தயாரிக்கிறவர்களுடையது. 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகள் உற்பத்தியாளர்கள் தங்கள் உறைகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை அவர்கள் தலையில்தான் வைத்திருக்கின்றன. நடைமுறையில் எங்கள் தெருவுக்கு அப்படி யாரும் வந்ததில்லை. அதனால் இப்போது கட்டடத்தில் இருப்பவர்கள் சேர்ந்து அந்த உறைகளை வகைவாரியாகச் சேர்த்து வைக்கிறோம். எந்த நிறுவனத்தின் உறை அதிகமாகச் சேர்கிறதோ, அதன் உறையில் அச்சிட்டிருக்கும் நுகர்வோர் சேவை முகவரிக்கு, இதை எங்கே திருப்பிக் கொடுப்பது என்று கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறோம்.